இறுவட்டுப் பதிவும் பழைய கணினிகளும்

யந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். முந்தியதிலும் பிந்தியது எத்தனை மடங்கு விரைவுடையது என்பதே அவர்தம் அளவுகோல். கணினியைப் பொறுத்தவரையில் இவ்வழக்கம் இன்னும் வலிது. ஆயின் கணினி ஆற்றிய தொழில்களுள் ஒன்று வேகத்தை இரண்டாமிடத்தில் நிறுத்தி, வேறொரு குணத்தை முதற்கண் வேண்டிற்று. அக்குணம் இடையறாமை. வெற்று இறுவட்டிலே தரவுகளைப் பதிதலே அத்தொழில். அதற்கு எத்தகைய கணினி வேண்டும் என்னும் வினாவுக்கு 1990களிலே விற்பனையாளரும் வல்லுநரும் கூறிய விடைகள் பல. அவற்றுட் பெரும்பகுதி வினாவின் உள்ளக்கிடக்கையை உணராது கூறப்பட்டவை என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கு இறுவட்டின் பிறப்பிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

இறுவட்டு இசைக்கெனப் பிறந்தது. ஒல்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பான் நாட்டின் சோனி நிறுவனமும் கூடி 1980ஆம் ஆண்டிலே அதற்கு இலக்கணம் வகுத்தன. அட்டையின் நிறம்பற்றி அவ்விலக்கணம் செந்நூல் எனப் பெயர் பெற்றது. 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே யப்பானில் வட்டுக்களும் அவற்றை இசைக்குங் கருவியும் விற்பனைக்கு வந்தன. 120 மில்லிமீற்றர் விட்டமுடைய அவ்வட்டிலே ஒரே சுருளாகச் செல்லும் தடமொன்று உண்டு. கிராமபோன் தட்டிலே ஊசி புறத்திலிருந்து அகம் நோக்கிச் செல்லும். இங்கே ஒளிக்கதிர் அகத்திலிருந்து புறம் நோக்கிச் செல்லும். ஒலியைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுக்களாக, இரு செவிக்கும் வெவ்வேறாக எழுதுவதால், செக்கனொன்றுக்கு 176,400 பைற்றுக்கள் வட்டிலே இடம்பெறுகின்றன. தடம் கதிரின் முன்னே எங்கும் ஒரே கதியிற் செல்லவேண்டுமாதலின், வட்டானது உட்புறத்திலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முறையும் வெளிப்புறத்திலே ஏறத்தாழ 200 முறையும் சுழலும்.

இவ்வமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. அதனை உணராதார்க்குப் பின்வந்த இடர்ப்பாடுகள் யாவும் புதிராகவே தோன்றும். கணினியின் வன்தட்டு ஒன்றையொன்று சூழ்ந்த வட்டங்களாகவும், ஒவ்வொரு வட்டமும் இடைவெளியுடைய துண்டங்களாகவும் வகுக்கப்பட்டது. தரவு வாராவிடின் தட்டு இன்னுமொரு சுற்றுச் சுற்றிக் காத்திருக்கும், குறையொன்றும் இல்லை. இறுவட்டின் தடத்திலோ நின்று இளைப்பாற இடமில்லை. கீறல்களால் இசை கெடாதவாறு காக்க வேண்டி, ஒரு துண்டத்துக்குரிய பைற்றுக்களை அத்துண்டத்திலேயே அடைத்து வையாது, அயலிலுள்ள துண்டங்களினுள்ளும் பரப்பி வைக்கும் முறையை அறிஞர் கைக்கொண்டனர். ஒரு துண்டத்தை எழுதி முடித்தோம் என்று கூறத்தக்க கணம் ஒன்று அங்கே இல்லை. தொழிற்சாலையிலே அச்சில் வார்த்து எடுக்கும் வட்டுக்கு இதனால் யாதும் தீங்கில்லை. மேசைமீது ஒவ்வொன்றாகப் பதியப்படும் வட்டுக்கே இது பெருந் தீங்காய் முடிந்தது.

பின்னர் எழுந்த மஞ்சள் நூல் இவ்வட்டைக் கணினித் தரவுக்கும் உரியதாக்கிற்று. செக்கனுக்கு 75 துண்டங்கள். துண்டமொன்றிலே பயனுடைய தரவு 2,048 பைற்றுக்கள். ஆகவே செக்கனுக்கு 153,600 பைற்றுக்கள், அஃதாவது 150 கிலோபைற்றுக்கள். இதுவே 'ஒருமடங்கு வேகம்' எனப்பட்டது. 74 நிமிட வட்டிலே 333,000 துண்டங்கள் அடங்கும். அவற்றின் மொத்தம் 681,984,000 பைற்றுக்கள். வழக்கிலே 650 மெகாபைற்றுக்கள் என்பர். வாசகர் ஈண்டு ஒன்றைக் கருதுக: செக்கனுக்கு 150 கிலோபைற்று என்பது அக்காலத்து வன்தட்டுக்குத்தானும் பெரும் பாரமன்று. வேகமே வேண்டப்பட்டதாயின் இவ்வரலாறு இங்கேயே முடிந்திருக்கும்.

பதியத்தக்க வட்டினை யப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988ஆம் ஆண்டிலே வெளிப்படுத்திற்று. அதற்குரிய இலக்கணம் 1990ஆம் ஆண்டிலே செம்மஞ்சள் நூலாக வெளிவந்தது. வெற்றுவட்டிலே குழிகள் இல்லை. வழிகாட்டும் சுருட்பள்ளம் ஒன்றும் அதன்மேற் பூசிய சாயமுமே உண்டு. பதிகருவியின் லேசர்க்கதிர் சாயத்தைச் சுட்டு, ஒளியைத் திருப்பும் இயல்பை அங்கங்கே மாற்றிவிடும். இதுபற்றியே இத்தொழிலை 'எரித்தல்' என வழங்கினர். ஏட்டிலே எழுத்தாணியாற் கீறிய எழுத்தைப் போல, ஒருமுறை சுட்டதை மீட்டும் அழித்து எழுதல் இயலாது. அழித்தெழுதும் வட்டுக்கள் 1990களின் பிற்பகுதியிலேயே வந்தன. விலை கூடியவையாதலின் அவை பெருவழக்குறவில்லை.

1990ஆம் ஆண்டளவிலே இருந்த பதிவமைப்புக்கள் சலவை யந்திரத்தின் பருமனுடையவை. யமஹா நிறுவனத்தின் பதிகருவி ஏறத்தாழ 35,000 டொலர் விலை பெற்றது. அதனோடு தனியான வன்தட்டுத் தொகுதியும், வழுத்திருத்தக் குறிகளை ஆக்கும் தனிச் சுற்றும், யாவற்றையும் ஏவுதற்கு எம்.எஸ்.டொஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் கணினி ஒன்றும் வேண்டப்பட்டன. இவ்விறுதி உறுப்பே எமது ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியது. அத்துணை விலையுயர்ந்த அமைப்பை ஏவியது எளிய கணினி. அஃது ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். வேறெவரும் அதனை இடைமறித்து அழையார். ஏவலாளன் மெல்லியனாயினும் கவனம் சிதறாதவன். பின்வந்த கணினிகள் அவனிலும் நூறு மடங்கு வலியுடையனவாகியும் அவன் செய்த வேலையிலே தவறியமைக்குக் காரணம் இவ்வொன்றே.

கணினியிலிருந்து தரவு ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டே வரும். பதிகருவியோ ஒரே சீராக எழுதும். இவ்விரண்டையும் இணைப்பது பதிகருவியினுள்ளே இருக்கும் இடை நினைவகம். தோட்டத்திலே துலாமிதித்து நீரிறைத்தலை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பட்டையின் நீர் விட்டு விட்டே தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குச் செல்லும் நீரோ அறாது ஓடும். துலாமிதிப்போன் சற்று நின்று வியர்வை துடைக்கலாம். ஆயின் தொட்டி வற்றுமுன் மீளவேண்டும். தோட்டத்திலே வாய்க்கால் வற்றினால் மறுபடி இறைத்தாற் போதும். வட்டிலே வற்றினால் கதிர் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து மீளத் தொடங்க அக்காலத்துக் கருவிகளுக்கு வழி தெரியாது. வட்டு முழுவதும் பாழ். அவ்வாறு பாழான வட்டுக்களைத் தேநீர்க் கோப்பையின் கீழ் வைக்கும் தட்டு என்று மேனாட்டார் நகையாடினர். வெற்றுவட்டு ஒவ்வொன்றும் பல டொலர் விலைபெற்ற நாளிலே அந்நகை சற்றுக் கசப்பானதே.

தொட்டியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 512 கிலோபைற்று இடை நினைவகம் ஒருமடங்கு வேகத்திலே மூன்று செக்கனுக்கு மேல் தாங்கும். இருமடங்கு வேகத்திலே 1.7 செக்கன், நான்மடங்கு வேகத்திலே ஒரு செக்கன்தானும் இல்லை. பின்னாளிலே 2 மெகாபைற்று நினைவகம் வைத்தார்கள். ஆயின் வேகமும் பன்னிருமடங்காயிற்று. தாங்கும் நேரம் 1.1 செக்கனளவே. தொட்டியைப் பெருப்பித்த ஒவ்வொரு முறையும் வாய்க்காலையும் அகலமாக்கினர்.

1992ஆம் ஆண்டளவிலே பதிகருவியின் விலை 10,000 முதல் 12,000 டொலர் வரை இறங்கிற்று. 1995ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே ஹியூலெற் பக்காட் நிறுவனம் 4020ஐ என்னும் கருவியை 995 டொலருக்கு வெளியிட்டது. ஆயிரம் டொலருக்குக் கீழே வந்த முதற் பதிகருவி அதுவே. அதற்கு ஒரு மாதம் முன்னரே விண்டோஸ் 95 வெளிவந்திருந்தது. இவ்விரண்டும் ஒருங்கு நேர்ந்தமை இவ்வரலாற்றிலே ஒரு முரண். வீட்டிலே வட்டுப் பதியும் காலம் பிறந்த அப்பொழுதே, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்னும் ஒழுக்கம் வீட்டுக் கணினியை விட்டு நீங்கிற்று.

பதிகருவிகளின் பெட்டிகளிலே வேண்டப்படும் கணினியின் தகைமைகள் அச்சிடப்பட்டன: இன்ன முறைவழியாக்கி, இத்துணை மெகாபைற்று நினைவகம், இத்துணை வன்தட்டு வெற்றிடம். 486 என்றும் பென்ரியம் என்றும் முதலிடத்திலே நின்றது முறைவழியாக்கியே. பாழான வட்டோடு கடைக்குச் சென்றவர்க்கும் விரைவுமிக்க முறைவழியாக்கியே மருந்தாகக் கூறப்பட்டது. நோய் பெரும்பாலும் பிறிதோரிடத்திலே இருந்தது.

முதலாவதாக வன்தட்டைக் கூறல் வேண்டும். 1990களின் முற்பாதியில் வந்த வன்தட்டுக்கள் பல, வெப்பத்தினாலே தட்டு விரிவதைக் கருதி, இடைக்கிடை வேலையை நிறுத்தி வாசிதலையின் இருப்பைத் திருத்திக்கொள்ளும். ஆவணம் எழுதுவோன் அந்நிறுத்தத்தை உணரான். வட்டுப் பதிவோன் வட்டை இழப்பான். இது கண்டே மைக்ரோபொலிஸ் முதலிய நிறுவனங்கள், ஒலி ஒளிப் பணிக்கென, இத்திருத்தத்தால் ஓட்டம் தடைப்படாத வன்தட்டுக்களைத் தனியே விற்றன. அவற்றின் சிறப்பு வேகமன்று. வேண்டாத நேரத்தில் நில்லாமையே. அன்றியும், கோப்புக்கள் வன்தட்டிலே சிதறிக் கிடப்பின் வாசிதலை அங்குமிங்கும் தாவவேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைப் பதிதல் ஒரு பெருங் கோப்பைப் பதிதலினும் இடர் மிக்கது. ஆகவே யாவற்றையும் முன்னரே ஒரே படிமக் கோப்பாகத் தொகுத்துக்கொண்டு பின்பு பதியும் முறை எழுந்தது. அதற்கு 650 மெகாபைற்று வெற்றிடம் வேண்டும். வன்தட்டின் முழு அளவே சில நூறு மெகாபைற்றாக இருந்த கணினிக்கு அஃது எட்டாக் கனி.

இரண்டாவது, தரவு செல்லும் வழி. 1986ஆம் ஆண்டிலே நியமமாக்கப்பட்ட ஸ்கசி இணைப்பிலே பல கருவிகள் ஒரு வடத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று தன் வேலையிலே மூழ்கியிருக்கையில் வடத்தை மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்கும். மலிவான ஐ.டி.ஈ. இணைப்பிலே ஒரு வடத்தில் இரு கருவிகள் இருக்கலாமாயினும், ஒன்றின் ஏவல் முடியும்வரை மற்றது வாய்திறத்தல் அக்காலத்திலே இயலாது. வன்தட்டையும் பதிகருவியையும் ஒரே வடத்திலே பூட்டியவர் தம் வட்டுக்களைத் தாமே பாழாக்கினர் என்றால் மிகையாகாது. பதிகருவியை வேறு வடத்திலே பூட்டுதல் செலவில்லாத மருந்து. அதனை அறியாது புதுக் கணினி வாங்கியோர்க்கும் சிலபோது குணமுண்டாயிற்று. புதுக் கணினியிலே வடங்கள் முறையாகப் பூட்டப்பட்டிருந்தமையே காரணம்.

பி.ஐ.ஓ. எனப்படும் முறையிலே ஒவ்வொரு பைற்றுத் தொகுதியையும் முறைவழியாக்கியே சுமந்து செல்லும். டி.எம்.ஏ. எனப்படும் முறையிலே தரவு நேரே நினைவகத்துக்குச் செல்ல, முறைவழியாக்கி விடுபட்டு நிற்கும். முதன்முறையிலே இயங்கும் விரைவான கணினியிலும் இரண்டாம் முறையிலே இயங்கும் மெதுவான கணினி இப்பணிக்கு ஏற்றது. விண்டோஸ் 98இலே இம்மாற்றத்துக்கு ஒரு சிறு கட்டத்திற் குறியிடுதலே போதுமாயிருந்தது.

எஞ்சியவை சில்லறை இடையூறுகள். ஆயினும் எண்ணிக்கையாலே பெரியவை. புதிய வட்டு இடப்பட்டதா என்று விண்டோஸ் 95 பதிகருவியை ஓயாது வினவிக்கொண்டிருக்கும். பதியும் வேளையிலே அவ்வினா ஒன்றே கேடு செய்யும். திரைகாப்பு விழித்தெழும், நச்சுநிரல் தடுப்பி கோப்புக்களைச் சோதிக்கப் புறப்படும், வலையமைப்பிலே அயற்கணினி ஏதேனும் கேட்கும், நினைவகம் போதாவிடின் பணிசெயல் முறைமை வன்தட்டையே நினைவகமாகக் கொண்டு வாசிதலையை இழுத்தலைக்கும். நினைவகம் கூட்டுதல் பயன்தந்தது இக்கடைசிக் காரணத்தாலேயே. மேசையிலே கைபடாதிருக்குமாறும், வீட்டார் கணினியின் அருகே வாராதிருக்குமாறும் கட்டளையிட்டுக் காவலிருந்தோர் அந்நாளில் பலர். லேசரின் வலுவைக் குறைத்து முதலிலே பாவனையாகப் பதிந்து பார்க்கும் வசதியும் உண்டு. இருமடங்கு வேகத்திலே முழு வட்டுக்கு 37 நிமிடம் பாவனை, பின்னும் 37 நிமிடம் பதிவு.

இவ்வாறு கணினியைத் திருத்தித் திருத்தி அலுத்தபின், 2000ஆம் ஆண்டிலே தீர்வு மறுபக்கத்திலிருந்து வந்தது. யப்பானின் சன்யோ நிறுவனம் வகுத்த பேர்ன்-புரூவ் என்னும் நுட்பம் பிளெக்ஸ்ரர் நிறுவனத்தின் பன்னிருமடங்கு வேகப் பதிகருவியிலே இடம்பெற்றது. தொட்டி வற்றப்போவதைக் கருவி தானே கண்டு, குறித்ததோர் இடத்திலே கதிரை நிறுத்திக்கொள்ளும். தொட்டி நிரம்பியதும் நின்ற இடத்தைத் தேடி, அதன் ஓரத்திலிருந்தே மீள எழுதும். ரிகோ முதலிய நிறுவனங்களும் வேறு பெயர்களில் இத்தகைய நுட்பங்களை வெளியிட்டன. பொருத்திலே எஞ்சும் இடைவெளி நூறு மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அஃதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் உட்பட்டது.

அவ்விடைவெளி வாசிப்பைக் கெடுக்கவில்லையா? கெடுக்கவில்லை. 1980இலே கீறலுக்கு அஞ்சி வகுத்த வழுத்திருத்த முறை, தடத்தின்மீது ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளம் அழிந்தாலும் தரவை மீட்டுத் தரும் ஆற்றலுடையது. எந்த அமைப்பு இடையிலே நிற்றலைத் தடைசெய்ததோ, அந்த அமைப்பே பொருத்தின் வடுவையும் மறைத்தது. தரவைப் பல துண்டங்களிற் பரப்பியோர், இருபது ஆண்டின் பின் மெதுவான கணினி உடையவர்க்கு அது துணையாகும் என எண்ணியிருத்தல் இயலாது. இந்நுட்பத்தின் பின், ஓடிக்கொண்டிருக்கும் எக்கணினியும் இறுவட்டுப் பதியத் தக்கதாயிற்று. மெதுவான கணினிக்கு நேரம் கூடியதேயன்றி வட்டு கெடவில்லை. பெட்டியிலே அச்சிட்ட தகைமைகள் பின்னரும் சில ஆண்டு வழக்கத்தால் நீடித்தன.

டி.வி.டி. வட்டு வந்தபொழுது வேகம் என்னும் வினா உண்மையாகவே எழுந்தது. 2001ஆம் ஆண்டிலே பயனியர் நிறுவனத்தின் பதிகருவி அப்பிள் நிறுவனத்தின் பவர் மக் ஜி4 கணினியினுள் அமைந்து வந்தது. டி.வி.டி.யின் ஒருமடங்கு வேகம் செக்கனுக்கு 1,385 கிலோபைற்று. இறுவட்டின் ஒன்பது மடங்கு. பதினாறுமடங்கிலே செக்கனுக்கு 22 மெகாபைற்று. பி.ஐ.ஓ. நான்காம் முறையின் உச்ச எல்லை 16.7 மெகாபைற்று, ஆகவே அங்கே கணக்களவிலேயே இயலாமை உண்டு. 2001இலே வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., தரவு வழியிலே ஆறு வழுக்கள் நேரின் அவ்வழியைத் தானே பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும், பழுதான வடமொன்றால் நேர்ந்த இத்தளர்ச்சியைப் பதிகருவியின் முதுமை என்று கருதி அதனை வீசியோர் உண்டு. பழைய யூ.எஸ்.பி. இணைப்போ, செக்கனுக்கு 12 மெகாபிட்டு எல்லையுடையதாதலின், டி.வி.டி.யின் ஒருமடங்கு வேகத்துக்கும் நடைமுறையிலே எட்டாது. எஃப்.ஏ.ரீ.32 முறையில் அமைந்த வன்தட்டிலே ஒரு கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டலாகாது, 4.7 கிகாபைற்று வட்டின் முழுப் படிமம் அங்கே கொள்ளாது.

இன்று இவ்வினா தலைகீழாகத் திரும்பியுள்ளது. தையோ யூடென் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் முடிவோடு வெற்றுவட்டுத் தொழிலை விட்டது. சோனி நிறுவனம் பதியத்தக்க புளூ-ரே வட்டுக்களின் ஆக்கத்தை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே நிறுத்திற்று. புதிய மடிக்கணினிகளிலே வட்டு வாயில் காண்பதரிது. ஆயின் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பதியப்பட்ட வட்டுக்கள் வீடுகளிலும் நூலகங்களிலும் கிடக்கின்றன. திருமணப் படங்கள், திருவிழா நாதசுரக் கச்சேரிகள், இறந்தார் குரல்கள், ஒளிப்படியாக்கிய ஏடுகள் எனப் பிறிதோரிடத்திற் படியில்லாத பல அவற்றுள் உள. சாயம் ஒளிக்கும் வெப்பத்துக்கும் மங்கும் இயல்பினது. எமது வெப்பநாட்டிலே சன்னலோரத்து அலுமாரி அதற்கு நல்லிடமன்று.

அவற்றை மீட்டெடுத்தற்குப் பழைய கணினி போதுமா என வினவுவோர்க்குப் போதும் என்பதே விடை. சிலபோது அதுவே சிறந்தது. ஸ்கசிப் பதிகருவியை இன்றைய கணினியிலே பூட்ட இடமில்லை. அது தன் காலத்துக் கணினியையே நாடும். வாசித்தற்கு இடையறாமை வேண்டா. தரவு வட்டிலே ஒவ்வொரு துண்டத்துக்கும் முகவரி உண்டாதலின், கணினி எத்துணைப் பிந்தினும் கருவி நின்று மீண்டும் அவ்விடத்தையே வாசிக்கும். இசை வட்டிலே அத்தகைய திட்டமான முகவரி இல்லை. எனவே வாசித்த பகுதியின் ஈற்றை மறுபடி வாசித்து, இரண்டும் பொருந்தும் இடத்தைக் கண்டு இணைக்கும் மென்பொருளைக் கொள்ளல் வேண்டும். வேகத்தைக் குறைத்து வாசித்தல் மங்கிய வட்டுக்கு உதவும். ஒரு கருவி வாசிக்க மறுத்ததை இன்னொரு கருவி வாசித்தலும் உண்டு. கணினியைத் தெரிந்தெடுக்கையில் முறைவழியாக்கியைப் பற்றிக் கவலற்க. பதிகருவி தனி வடத்திலே பூட்டப்பட்டுள்ளதா என்பதையும், வன்தட்டிலே ஒரு வட்டுக்குரிய 700 மெகாபைற்று வெற்றிடம் உண்டா என்பதையும், எடுத்த படியை அதிலிருந்து வெளியே கொண்டுசெல்ல ஓர் இணைப்பு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்க.